தண்டவாளம் – 7: ரயில் வந்தது, மழை வரவில்லை

சென்ற வாரம் அரக்கோணத்தில் நிறுத்தியிருந்தோம்.

1837-ல் செங்குன்றத்துச் செம்பாறைக் கல்லைச் சிந்தாதிரிப்பேட்டைக்கு இழுத்துவந்த சின்னப் பாதையில் தொடங்கிய கதை இது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய ரயிலைப் பார்த்தோம். திருவள்ளூர், அரக்கோணம் என்று அது மேற்கே போய்விட்டது. பிறகு 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை ஒரு கிளை முளைத்து, காஞ்சியோடு நின்றது.

தெற்கே போகும் பெருஞ்சாலையில், சென்னைக்கு 56 கிலோமீட்டரில் உட்கார்ந்திருந்த செங்கல்பட்டு மட்டும் இருபது ஆண்டுகள் ரயில் சத்தம் கேட்காமல் கிடந்தது. ஏன்?

அந்தக் கேள்விக்குப் பதில் செங்கல்பட்டில் இல்லை. ஓர் அளவுகோலில் இருக்கிறது.

* * *

நாலு விரற்கடை

இந்தியாவின் தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி இடைவெளி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி. அகலப் பாதை. பெரிய பெட்டி, பெரிய எஞ்சின், பெரிய பாலம். செலவும் பெரிது.

அந்தச் செலவைப் பற்றி ரயில் கம்பெனிகளுக்குக் கவலை இருக்கவில்லை. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி உறுதி என்று அரசு எழுதிக் கொடுத்திருந்தது. பாதை லாபம் தந்தாலும் தராவிட்டாலும் லண்டனில் பங்கு வைத்திருந்தவருக்கு வட்டி போய்ச் சேரும். குறைந்தால் ஈடுகட்டுவது இந்திய வருவாய். அந்த வருவாயில் பெரும்பங்கு நிலவரி. செங்கல்பட்டுச் சீமையில் ஏரித் தண்ணீரை நம்பி ஒரு போகம் எடுத்தவன் கட்டிய கிஸ்தியும் அதற்குள் அடக்கம். தன் ஊருக்கு வராத ரயிலுக்கும் அவன் பணம் கட்டிக்கொண்டிருந்தான். வாசகர்கள் இதை மறக்கக் கூடாது.

1869-ல் வைஸ்ராயாக வந்த மேயோ பிரபு இந்தக் கணக்கைப் பார்த்து மிரண்டார். இதே செலவில் நாடு முழுக்கப் பாதை போட முடியாது. குறுகலாகப் போடுவோம், மலிவாகப் போடுவோம், ஆனால் நிறையப் போடுவோம் என்றார். எவ்வளவு குறுகல் என்று 1870-ல் நடந்த வாதத்தின் முடிவில் பிறந்ததுதான் மீட்டர் கேஜ். 1,000 மில்லிமீட்டர். அடி, அங்குலம், கஜம் என்றே பேசிக்கொண்டிருந்த நாட்டில் இந்த மீட்டர் எங்கிருந்து வந்தது? மேயோவுக்கு இந்தியாவின் அளவைகளையே மெட்ரிக் முறைக்கு மாற்றும் ஆசை இருந்தது. அளவைகள் மாற இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தண்டவாளம் மட்டும் முன்கூட்டியே மாறிக்கொண்டது.

மேயோ தன் பாதைகளைப் பார்க்க இருக்கவில்லை. 1872 பிப்ரவரி 8 அன்று அந்தமானில் ஒரு கைதியின் கத்திக்கு இரையானார்.

அவர் விட்டுப்போன அளவு தெற்கே வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை ஏற்கெனவே அகலப் பாதை போட்டு ஓட்டிக்கொண்டிருந்த கிரேட் சதர்ன் கம்பெனியும், காஞ்சிக் கிளையை வைத்திருந்த கர்நாடிக் கம்பெனியும் ஒன்றாயின. 1874-ல் அந்தக் கூட்டுக்குத் தென்னிந்திய ரயில்வே என்று பெயர் விழுந்தது. சென்னையிலிருந்து தெற்கு முழுவதும் மீட்டர் கேஜ் என்று முடிவாயிற்று. திருச்சிப் பக்கத்து அகலப் பாதையைக்கூடப் பெயர்த்து ஒடுக்கினார்கள்.

காஞ்சிக் கிளையின் கதைதான் பரிதாபம். அது மூன்றரை அடிப் பாதை. 1,067 மில்லிமீட்டர். மீட்டர் கேஜுக்கும் அதற்கும் 67 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கையை மடக்கிப் பாருங்கள், நாலு விரற்கடைகூட வராது. அந்த நாலு விரற்கடைக்காக அது அநாதையாயிற்று. அரக்கோணத்தில் அகலப் பாதை வண்டி அதில் ஏறாது. செங்கல்பட்டுக்கு வரப்போகும் மீட்டர் வண்டியும் ஏறாது.

* * *

ஏரிக்கும் குன்றுக்கும் நடுவே

இன்று சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்கள் பரனூர் தாண்டியதும் சன்னல் பக்கம் திரும்புவார்கள். கைப்பேசியில் மூழ்கியிருப்பவர்கள்கூட ஒரு நிமிடம் தலை தூக்குவார்கள். கொளவாய் ஏரி. ரயிலை ஒட்டித் தண்ணீர். காலை வண்டியில் போனால், நீர்மேல் பனி விலகாத நேரத்தில், பெட்டிக்குள் வரும் காற்றே மாறிவிடும். தண்டவாளத்துக்கு ஒரு புறம் ஏரி, மறுபுறம் குன்றுகள். கொஞ்ச தூரத்தில் செங்கல்பட்டு நிலையம்.

இந்த இடத்தைத்தான் முன்பு கோட்டை கட்டியவர்களும் தேர்ந்தெடுத்தார்கள். விஜயநகர அரசர்கள் 16-ம் நூற்றாண்டில் இங்கே கோட்டை எழுப்பியதற்குக் காரணம், ஏரியும் சதுப்பும் எதிரியை அண்டவிடாது என்பது. 1751-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்து, 1752-ல் கிளைவ் மீட்ட கோட்டை. யாரும் எளிதில் நுழையக் கூடாது என்று தேர்ந்தெடுத்த இடத்துக்குள் எல்லோரையும் கொண்டுவந்து இறக்க வேண்டிய வேலை ரயில்காரர்களுக்கு வந்தது.

கடலோரமாகவே, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று பாதையைக் கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மேடு பள்ளமில்லாத சமநிலம்தானே. ஆனால் அந்தக் கரையில் ஒரு முறை நடந்து பார்த்தால் புரியும். மணல், அதை விட்டால் உப்பங்கழி, அதை விட்டால் உப்பளம். பாலாறு கடலில் விழும் வாய். அதோடு கடலுக்கு இணையாக ஏற்கெனவே கால்வாய் தெற்கு நோக்கி நீண்டுகொண்டிருந்தது. உப்பும் விறகும் படகில் போய்க்கொண்டிருந்தன. உள்நாட்டில் அப்படியில்லை. கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுபாக்கம் என்று சாலை ஓர ஊர்கள் வரிசையாக இருந்தன. நெல் அங்கே, ஆள் அங்கே, வரி கட்டும் நிலம் அங்கே. ரயில் ஆளையும் நெல்லையும் தேடிப் போயிற்று என்பதே என் முடிவு.

ஏரி நாட்டில் கரை போடுவது எளிய வேலை அன்று. ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு வரத்துக் கால்வாய் உண்டு. மேட்டிலிருந்து வரும் ஓடையை ரயில்கரை மறித்துவிட்டால் கீழே உள்ள ஊர் காயும். மண்வேலைக்குக் குடும்பத்தோடு வந்தவர்கள் ஒட்டர்கள். தலைமுறை தலைமுறையாக ஏரிக்கரை போட்ட கைகள். குளம் வெட்டிய அதே மண்வெட்டியும் கூடையும் தண்டவாளத்துக்குக் கரை எழுப்பின.

செங்கல்பட்டைத் தாண்டினால் பாலாறு. எத்தனை தோண்டினாலும் மணல். இப்படிப்பட்ட ஆற்றில் தூண் நிறுத்த நம் நாட்டில் ஒரு முறை இருந்தது. ஆற்று மணல்மேல் செங்கல்லால் வட்டமாக ஒரு கிணற்றுச் சுவர் கட்டுவார்கள். உள்ளே இருக்கும் மணலைத் தோண்டி எடுக்க எடுக்க, சுவர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே கட்டுவார்கள். கெட்டித் தரை கிடைத்ததும் உள்ளே கல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பினால் அதுவே அடித்தளம். கிணறு இறக்குவது என்று பெயர். நெல்வயலுக்குத் தண்ணீர் தேடிய வித்தையைத் தென்னாட்டின் மணல் ஆறுகளில் பாலம் கட்ட வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

1876-ல் பாதை தயார். சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் திண்டிவனம் வரை வண்டி ஓடத் தொடங்கியது. மாட்டுவண்டியில் இரண்டு இரவு கட்டிப் போன தூரம் சில மணி நேரத்துக்குச் சுருங்கியது.

தமிழ் வருஷக் கணக்கில் அது தாது.

* * *

தாது

இந்தப் பெயரைக் கேட்டாலே எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். தாது வருஷப் பஞ்சம்.

அந்த ஆண்டு தென்மேற்குப் பருவக்காற்று ஏமாற்றியது. சரி, செங்கல்பட்டுச் சீமைக்கு அது பழக்கம்தான். இங்கே ஏரி நிரம்புவது ஐப்பசி, கார்த்திகை மழையில். ஏரிக்கரை உடையுமோ என்று ஊரே விழித்திருக்கும் மாதங்கள் அவை. மதுராந்தகத்தில் ராமரே வந்து கரையைக் காத்தார் என்று இன்றும் கும்பிடுகிறோம்.

தாது வருஷத்து ஐப்பசியில் வானம் வெளுத்தே கிடந்தது. கார்த்திகையும் அப்படியே போயிற்று.

புதுப் பாதைக்கு வந்த முதல் பெரிய சோதனை இதுதான். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பஞ்சத்தில் ரயில் காத்ததா, கெடுத்ததா என்று அன்று தொடங்கிய வழக்கு இன்றும் தீரவில்லை.

காத்ததற்குச் சாட்சி இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் அரிசி வந்தது. சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய் மூட்டைகளை ஏற்றி வரும். மணலில் மலைபோல் குவியும். அதை உள்நாட்டுக்குக் கொண்டு செல்ல மாடு வேண்டும். மாட்டுக்குப் புல் வேண்டும். புல் இல்லாமல் மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தன. தீனி கேட்காத ஒரே வண்டி ரயில்தான்.

கெடுத்ததற்கும் சாட்சி இருக்கிறது.

ரயிலோடு தந்தியும் வந்திருந்தது. முன்பெல்லாம் ஒரு கிராமத்தில் விளைச்சல் பொய்த்தால், பத்து மைல் தள்ளி இருக்கும் வியாபாரி தன் களஞ்சியத்து நெல்லை அங்கேயே விற்றுத்தான் ஆக வேண்டும். தூரத்துச் சந்தைக்கு வண்டி கட்டினால் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். இப்போது அந்தத் தடை போய்விட்டது. எந்த ஊரில் விலை ஏறியிருக்கிறது என்று தந்தி சொல்லும். ரயில் கொண்டுபோய்ச் சேர்க்கும். விலை எல்லா ஊரிலும் ஒன்றாக ஏறியது. விளைந்த ஊர்க்காரனும் பஞ்ச விலைக்கே வாங்க வேண்டியதாயிற்று.

கூலிக்காரனுக்கு வயலில் வேலை இல்லை, அதனால் கையில் காசு இல்லை. காசில்லாதவனைத் தேடி எந்த வண்டியும் வராது. நிலையத்தில் மூட்டை அடுக்கியிருக்கும். நிலையத்திலிருந்து ஊருக்கு இழுக்க மாடு இருக்காது. ஊரில் வாங்கக் காசு இருக்காது. ரயிலைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. பாதையைப் போட்டவர்கள் நெல் நகரும் என்று கணக்குப் போட்டார்கள். நெல்லை வாங்குகிறவன் கையில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடவில்லை. அந்தப் பிழைக்கு லட்சக்கணக்கான உயிர்கள் போயின.

சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு 30,000 டன் தானியத்தை அரசே வாங்க ஏற்பாடு செய்தார். கல்கத்தாவிலிருந்து கண்டனம் வந்தது. சந்தையில் அரசு தலையிடக் கூடாது, வியாபாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் கொள்கை. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கும் தர்பார் நடந்தது. அதே மாதம் லிட்டன், ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைத் தெற்கே அனுப்பினார். செலவைக் குறைப்பது அவர் வேலை.

டெம்பிள் குறைத்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. காலை முதல் மாலை வரை மண்வெட்டி பிடிப்பவனுக்கு.

சென்னை மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து நின்றார். ஒன்றரைப் பவுண்டுக்குக் குறைந்தால் உழைக்கிற உடம்பு தேயும் என்று எழுதினார். வெறும் தானியம் போதாது, பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்றார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் மண்கூடையோடு சாய்ந்திருந்தார்கள். தென்னிந்தியா முழுவதும் இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் அரைக் கோடிக்கு மேல் என்பது பலரும் ஏற்கும் கணக்கு. நடக்கத் தெம்பிருந்தவர்கள் சென்னைக்கு நடந்தார்கள். கப்பலேறத் துணிந்தவர்கள் இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போனார்கள்.

* * *

கரைக்குக் கிடைத்தது

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பேருந்தில் போகும்போது திருக்கழுக்குன்றம் தாண்டி, ஊருக்குள் நுழையும் முன் ஒரு பாலம் வரும். பலர் கவனிக்க மாட்டார்கள். கீழே தேங்கிய நீர், கரையில் சீமைக் கருவேல், அங்கங்கே நாரை. ஒருமுறை இறங்கி அந்தக் கரையில் நின்றேன். படகு போன சுவடே இல்லை.

அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய்.

சென்னைக்கு வடக்கே 1806-லேயே வெட்டத் தொடங்கியது. தெற்கேயும் கடலோரமாக ஒரு நீட்சி இருந்தது. நடுவில், சென்னை நகருக்குள், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே எட்டு கிலோமீட்டர் மட்டும் இணையாமல் கிடந்தது. 1877, 1878-ல் அந்த எட்டு கிலோமீட்டரை வெட்டியவர்கள் பஞ்சத்தில் நகரத்துக்கு வந்த பட்டினிக்காரர்கள். வெட்டிய மண்ணைக் கூடை கூடையாகத் தூக்கிக் கரையேற்றினார்கள். கால்வாய் ஒன்றானது. கவர்னர் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இப்படி ஒரே பஞ்சக் காலத்தில் உள்நாட்டுக்கு ரயிலும் கடற்கரைக்கு நீர்வழியும் அமைந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகள் மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க வந்தவர்களுக்கு இரண்டே வழி. சென்னையில் இரவு படகேறிக் கால்வாயில் தூங்கிக்கொண்டே வரலாம். அல்லது ரயிலில் செங்கல்பட்டில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாகக் குலுங்கிக்கொண்டு வரலாம். மாமல்லபுரத்துக்கு ஒரு ரயில் நிலையம் இன்றுவரை இல்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை கடலோரப் பாதை போட ஒப்புதல் கிடைத்து ஆண்டுகள் பல ஆயின. தண்டவாளம் மட்டும் விழவில்லை.

* * *

36 கிலோமீட்டர்

1877-ல் தெற்குப் பாதை கடலூரைத் தொட்டது. 1878-ல் மழை திரும்பியது. பிழைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டில் தென்னிந்திய ரயில்வே ஒரு பழைய தவற்றைத் திருத்தியது. காஞ்சிக் கிளையின் தண்டவாளத்தை நாலு விரற்கடை நெருக்கி மீட்டர் கேஜாக மாற்றியது.

இப்போது காஞ்சியிலும் செங்கல்பட்டிலும் ஒரே அளவுப் பாதை. நடுவில் பாலாற்றின் வடகரையோரமாக, வாலாஜாபாத்தும் பாலூரும் இருக்கும் ஏறக்குறைய 36 கிலோமீட்டர் வெற்றுநிலம். அதை இணைத்துவிட்டால் சென்னையைத் தொடாமலே தெற்குச் சரக்கு அரக்கோணம் போய்விடும். அங்கிருந்து 1871-லேயே இணைந்துவிட்ட பம்பாய்ப் பாதை.

1880-ல் பஞ்ச விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அடுத்த பஞ்சத்தில் மக்களைக் காக்க இன்னும் 5,000 மைல் ரயில்பாதை உடனடியாக வேண்டும் என்றது.

காஞ்சிக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே அந்த 36 கிலோமீட்டரை அளக்க ஆட்கள் சங்கிலியோடு இறங்கினார்கள். மறுபடி மழை பொய்த்தால், அந்தப் பாதையில் நெல் மூட்டை எந்தப் பக்கம் ஓடும்? செங்கல்பட்டுக்கு உள்ளேயா, செங்கல்பட்டிலிருந்து வெளியேயா?

(தொடரும்)